அத்தியாயம் 6: கேள்வி போனில் வரும்போது

"மிஸ், கீரிமலையில மலை எங்க இருக்கு?"

திங்கட்கிழமை காலை நூலகத்தைத் திறந்து, போனைச் சார்ஜரிலிருந்து கழற்றியபோது வட்ஸ்அப்பில் முதலாவதாக நின்ற செய்தி இது. கேட்டவன் ஆறாந்தரம் படிக்கும் பையன். அதற்குக் கீழே, ரொறன்ரோவிலிருந்து ஓர் இளம்பெண் படம் ஒன்று அனுப்பியிருந்தார். பழுப்பேறிய தாள், அதில் நாலு வரி வெண்பா. கூடவே ஒரு செய்தி: "இது எங்கட பூட்டனுக்கு அடிச்ச கல்வெட்டு எண்டு அம்மம்மா சொல்லுறா. எந்த வருசம் எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ?" மூன்றாவது ஒரு குரல்பதிவு, 48 விநாடி. கடற்காற்றும் கோயில் ஒலிபெருக்கியும் தெளிவாகக் கேட்டன. பேசிய ஐயா என்ன கேட்டார் என்பதுதான் விளங்கவில்லை.

கிராமத்து நூலகம் ஒன்றின் போனுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் சாயலில்தான் இருக்கும். பள்ளிக்கூடக் கேள்வி, வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பக் கேள்வி, காணி அல்லது கந்தோர் சம்பந்தமான கேள்வி. ஆகவே இந்த அத்தியாயத்தை அந்த மூன்று செய்திகளையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் வாங்குவது, செயலி போடுவது எல்லாம் ஒரு மணித்தியால வேலை. கேள்வியைக் கையாள்வதுதான் பழக வேண்டிய வேலை.

நம்முடைய நூலகங்களில் 'உசாத்துணைப் பகுதி' என்றால் ஒரு மேசை, ஒரு பலகை, இரவல் கொடுக்காத தடித்த நூல்கள் நாலு தட்டு. சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உசாவுதல் என்றால் கேட்டறிதல், கலந்து பேசுதல். அதற்குத் துணையாக இருப்பவர் நூலகர். மேசை அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கத்திலும் மேசை இருக்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் அதன் வித்து. கட்டிடம் 1959இல்தான் வந்தது.

கீரிமலை போன்ற ஓர் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். 1990 ஆனியில் போரால் கீரிமலை அடங்கலான வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. சனம் மானிப்பாய், சண்டிலிப்பாய், வன்னி, கொழும்பு, பிறகு லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறியது. 2009க்குப் பிறகு படையினர் வசமிருந்த காணிகள் துண்டு துண்டாக விடுபட்டன, ஒரு பகுதியினர் திரும்பினர். மற்றவர்கள் ஆடி அமாவாசைக்கோ அந்தியேட்டிக்கோ வந்து கேணியில் முழுகிவிட்டுப் போகிறார்கள். ஊரைப் பற்றிக் கேள்வி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் நம் நூலக வாசற்படியை ஒருநாளும் மிதிக்கப்போவதில்லை. அவர்களும் நம் வாசகர்கள்தான்.

2005 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு லூசியானாப் பல்கலைக்கழக நூலகம் மாணவர்களின் கேள்விகளுக்குக் குறுஞ்செய்தியில் பதில் அனுப்பத் தொடங்கியது அந்த ஆண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் மூலம் கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி எழுத முடிந்ததும் அந்த ஆண்டு. ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேகரிக்கும் நூலகம் இணையத்தளம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். கருவி, எழுத்து, புத்தகம் மூன்றும் ஒரே காலத்தில் கைக்கு வந்தன. மேசையிலிருந்து எழும்ப நமக்குத்தான் நேரமெடுத்தது.

போனும் இலக்கமும்

நூலகருடைய சொந்த இலக்கத்தைக் கொடுக்கவே வேண்டாம். நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனபின் ஊர் உங்களைத்தான் கூப்பிடும், நூலகத்தை அல்ல. பிரதேச சபையின் பெயரில் ஒரு சிம் எடுங்கள். அதற்கு அனுமதி வரத் தாமதமானால் இன்னொரு வழி இருக்கிறது. வட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிலையான தொலைபேசி இலக்கத்திலும் பதியலாம். உறுதிப்படுத்தும் இலக்கத்தைக் குறுஞ்செய்திக்குப் பதிலாக அழைப்பில் சொல்லச் செய்தால் சரி. 021இல் தொடங்கும் நூலக இலக்கம் ஊரில் பலருக்கு ஏற்கனவே பழக்கமாக இருக்கும்.

பிசினஸ் செயலியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நூலகம் திறக்கும் நேரத்தை அதில் போடலாம். பூட்டிய நேரத்தில் வரும் செய்திக்குத் தானாக ஒரு பதில் போகும். அடிக்கடி அனுப்பும் வசனங்களைச் சேமித்து வைக்கலாம். உரையாடல்களுக்கு 'பதில் அனுப்பியாயிற்று', 'புத்தகம் தேட வேண்டும்', 'திருப்பிக் கேட்டிருக்கிறது' என்று அடையாளம் போடலாம். நூலகத்தில் கணினி இருந்தால் அதையே கணினியிலும் திறந்து விசைப்பலகையில் பதில் எழுதலாம். நீண்ட பதிலைப் பெருவிரலால் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பூட்டிய நேரத்துப் பதில் எப்படி இருக்க வேண்டும்? ரொறன்ரோவில் இரவு 11 மணி என்றால் அங்கு கோடைகாலத்தில் நமக்கு மறுநாள் காலை 8.30. மாரியில் 9.30. அவர்கள் படுக்கப் போகும்போது கேட்கும் கேள்வி நாம் கதவு திறக்கும் நேரத்தில் வந்து நிற்கும். வேலைநாளில் வரும் செய்தி கிடைத்தது என்று அன்றே அறிவிப்போம், இரண்டு வேலைநாளுக்குள் பதில் தருவோம், முடியாவிட்டால் முடியாது என்பதையும் அதற்குள் சொல்வோம் என்று போடுங்கள். 'உடனடிச் சேவை' என்று போடாதீர்கள். உதவியாளர் லீவிலும் நீங்கள் தெல்லிப்பழையில் கூட்டத்திலும் இருக்கும் நாள் வரும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை மறக்கக் கூடாது. அவர்களுக்குக் குறுஞ்செய்திதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதையும் போன் நம்மைப் போல் எண்ணுவதில்லை. 'கீரிமலைக் கேணி' என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஏழு எழுத்து. போனுக்கு அது இடைவெளியோடு பதினான்கு, ஏனென்றால் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஆகவே குறுஞ்செய்தியில் விளக்கம் எழுதப் போகாதீர்கள். "பதில் கிடைத்துவிட்டது, மிஸ்ட் கோல் ஒன்று தாருங்கள், எடுக்கிறோம்" என்ற அளவு போதும். ரீலோட் செலவு நம்முடையதாக இருக்கட்டும்.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய புதிதில் வாசகர் எல்லோரையும் ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டேன். புதுப் புத்தகப் பட்டியல் அனுப்ப வசதி என்று நினைத்தேன். ஒரு கிழமைக்குள் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். குழுவிலிருந்து அவளுடைய இலக்கத்தை யாரோ எடுத்து இரவில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். குழுவை அன்றே கலைத்தேன். பட்டியல் அனுப்ப 'ஒளிபரப்புப் பட்டியல்' இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. நம் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச்சேரும் என்பதால், வரும்போதே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இது மரியாதை சம்பந்தப்பட்ட விசயம் மட்டுமல்ல.

திருப்பிக் கேட்பது

இப்போது பையனுடைய மலைக்கு வருவோம்.

நேரே வந்து கேட்டிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன். கையில் கொப்பி இருக்கிறதா, பின்னால் அம்மா நிற்கிறாவா, பகிடிக்குக் கேட்கிறானா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். போனில் அந்த முகம் இல்லை. போன் உசாத்துணையில் உள்ள ஒரேயொரு பெரிய கஷ்டம் இதுதான். முகம் தந்த செய்தியை ஒரு கேள்வியால் ஈடுசெய்ய வேண்டும். ஒரு கேள்விதான், மூன்றல்ல. "எந்தப் பாடம்? எத்தனை பக்கம்? எப்போது கொடுக்க வேண்டும்? என்ன புத்தகம் பார்த்தாய்?" என்று விசாரணை வைத்தால் பிள்ளை ஓடிவிடும்.

நான் கேட்டது: "நல்ல கேள்வி தம்பி. பள்ளிக்கூட வேலைக்கோ, சும்மா அறியவோ?"

பதில்: "சமய ரீச்சர் ஊர்ப்பேர் எப்பிடி வந்தது எண்டு எழுதச் சொன்னவ."

இனி வழி தெளிவு. மலையைத் தேட வேண்டியதில்லை, பெயர்க் கதையைத் தேட வேண்டும். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி முகம் மாறினார் என்பது தலபுராணக் கதை. நகுலம் என்றால் கீரி, நகுலேஸ்வரம் என்ற கோயிற் பெயரும் அதிலிருந்து. குதிரைமுகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் வருகிறது. மா விட்ட புரம் மாவிட்டபுரம் ஆனதாகச் சொல்வதும் அந்தக் கதையை ஒட்டித்தான். இரண்டையும் அனுப்பும்போது "இது புராணக் கதை, வரலாற்றுச் சான்று அல்ல" என்று ஒரு வரி சேர்த்தேன். சமயப் பாடத்துக்குக் கதை போதும். வரலாற்றுப் பாடம் என்றால் வேறு நூல் எடுத்திருப்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் சுண்ணாம்புக்கல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருப்பேன். மழைநீர் கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்கடியால் ஓடி, கடலோரத்தில் கேணியில் ஊறும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்ததை அனுப்புவது நூலகருக்கு எப்போதும் உள்ள சபலம்.

மலை எங்கே என்பதற்கும் பதில் சொன்னேன். கரையோரம் சற்று மேடான கல்நிலம், அவ்வளவுதான். "அப்ப பொய்ப்பேரோ?" என்று கேட்டான்.

இப்போது புதிதாக ஒரு வகைக் கேள்வியும் வருகிறது. பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுக் கிடைத்த பதிலை அப்படியே நமக்கு அனுப்பி "இது சரியோ மிஸ்?" என்கிறார்கள். சலிக்காதீர்கள். நம்மிடம் சரிபார்க்கத் தோன்றியதே பெரிய விசயம். அந்தப் பதிலில் பெயர், ஆண்டு, இடம் என்று அடிக்கோடிடக்கூடிய மூன்று விசயத்தை எடுத்து, நூலைப் பார்த்து, எது சரி எது பிழை என்று எழுதுங்கள். முழுவதையும் திருத்தி எழுதிக் கொடுப்பது நம் வேலையல்ல.

குரல்பதிவு ஐயாவுக்கு எழுத்தில் பதில் கேட்பது நியாயமில்லை. "திரும்ப அனுப்புங்கோ" என்றாலும் அதே காற்றில் நின்றுதான் பேசுவார். அப்படிப்பட்டவரை நாமே கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

"பிள்ளை, அந்த வர்த்தமானி உங்களிட்ட இருக்கோ?"

"எந்த வர்த்தமானி ஐயா?"

"எங்கட காணி எடுக்கிறம் எண்டு மரத்தில ஒட்டினவங்கள், அது."

இங்கேதான் பாருங்கள். அவர் கேட்டது வர்த்தமானி. அவர் நினைவில் இருந்தது மரத்தில் ஒட்டிய அறிவித்தல். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதாக ஒட்டப்பட்டவை 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழான அறிவித்தல்கள். அவை காணியிலும் சுற்றுப்புறத்திலும் காட்சிக்கு வைக்கப்படுபவை. வர்த்தமானியில் வருவது அடுத்த கட்டங்களான 5ஆம், 7ஆம் பிரிவுகளின் அறிவித்தல்கள். சொன்ன சொல்லை வைத்து வர்த்தமானிகளைப் புரட்டியிருந்தால் அரைநாள் போயிருக்கும், கையில் ஒன்றும் வந்திருக்காது. அந்த நாள்களின் பத்திரிகைத் துணுக்குகள் நம்மிடம் ஒரு கோப்பில் இருந்தன, அதைச் சொன்னேன். 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நாலாவது. திருப்பிக் கேட்டால் நம்முடைய நேரமும் மிஞ்சுகிறது என்பதை நான் ஐயாவிடம்தான் படித்தேன்.

சொல்லக் கூடாதவை

ஐயா விடவில்லை. "அப்ப எங்கட காணி அதுக்குள்ள வருதோ இல்லையோ?" என்றார். உறுதியில் உள்ள எல்லைகளை வாசித்துக் காட்டவும் தயாராக இருந்தார்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். அறிவித்தல் எங்கே கிடைக்கும், சட்டத்தின் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது, எந்தக் கந்தோரில் யாரைக் கேட்பது என்பது வரை நாம். அவருடைய காணி உள்ளேயா வெளியேயா என்று சொல்வது பிரதேச செயலகத்தின் வேலை, நில அளவையாளரின் வேலை, சட்டத்தரணியின் வேலை. "தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில காணிப் பகுதிக்குப் போங்கோ, உறுதியின்ர பிரதியைக் கொண்டுபோங்கோ. சட்டத்தரணிக்குக் காசு இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு" என்று சொன்னேன். போனில் சொன்னதைப் பிறகு குறுஞ்செய்தியாகவும் அனுப்பினேன். காது கேட்டதைப் பேரனிடம் காட்ட ஒரு துண்டு வேண்டும் அல்லவா?

மருந்து, சாதகம், வழக்கு, காணி நான்கிலும் இந்த எல்லை உண்டு. 'கீரிமலைத் தண்ணி குடிக்கலாமோ' என்று கேட்டால், சுண்ணாம்புக்கல் நிலத்தடிநீர் பற்றிய கட்டுரையை அனுப்பலாம், குடிக்கலாம் என்று சொல்ல முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அனுப்புங்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு நம் பகுதியில் இந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை.

படம் எடுத்து அனுப்புதல்

வாசகருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றால் போன் கமராவே போதும். ஆனால் பெரும்பாலான நூலகங்களிலிருந்து வரும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. பாதிப் பக்கத்தில் எடுத்தவருடைய கையின் நிழல், மீதிப் பக்கத்தில் ரியூப்லைற் பளபளப்பு.

யன்னலோரம் ஒரு மேசை. வெயில் நேரே விழக்கூடாது, காலை பத்து மணி வெளிச்சம் நல்லது. புத்தகத்தை முழுக்க விரித்து அமத்தாதீர்கள். பழைய நூல் என்றால் முதுகு பிளந்துவிடும். எடுக்கும் பக்கத்தின் எதிர்ப்பக்கத்துக்கடியில் இன்னொரு புத்தகத்தை வைத்து உயர்த்துங்கள். பக்க எண் படத்துக்குள் வர வேண்டும். முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் மறுபக்கத்தையும் எடுத்துவிட்டுத்தான் வேண்டிய பக்கத்தை எடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தப் படம் எந்த நூலிலிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நெருக்கப்பட்டுச் சிறிய எழுத்துகள் மங்கும், ஆவணமாக அனுப்புங்கள்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி கூகிளில் தமிழுக்கும் இருக்கிறது. அச்சு தெளிவாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். பழைய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். அங்கே அது தடுமாறும். ஒருமுறை வாசித்துத் திருத்தாமல் அனுப்பாதீர்கள். நூலகத்தில் முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பட்டியல்கள் இருந்தால் அவற்றை ஒரு நல்ல நாள் பார்த்து யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே வெட்டி ஒட்டினால் வாசகரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்விழும்.

எவ்வளவு அனுப்பலாம்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் காலமாகி 70 ஆண்டு வரை உரிமை உண்டு. வசாவிளான் கல்லடி வேலுப்பிள்ளை 1944இலும் சுவாமி ஞானப்பிரகாசர் 1947இலும் காலமானார்கள். ஆகவே யாழ்ப்பாண வைபவ கௌமுதியையும் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் தயங்காமல் அனுப்பலாம். இன்று உயிரோடு இருக்கும் ஓர் ஆசிரியரின் நூலை அட்டை முதல் அட்டை வரை படம் பிடித்து அனுப்புவது களவு. கேள்விக்குத் தேவையான ஒன்றிரண்டு பக்கத்தோடு நிறுத்துங்கள். மாணவர் வழிகாட்டி நூல்களை எழுதி அச்சிட்டு வாழும் ஆசிரியர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நூலகம் தளத்தில் ஒரு நூல் இருந்தால் இணைப்பையும் அதன் நூலக எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். இணைப்பு உடைந்தாலும் எண் நிற்கும். கோப்பின் அளவு பக்கத்திலேயே போட்டிருக்கும், அதை ஒருமுறை பாருங்கள். நாற்பது எம்பி கோப்பை, நாள்டேட்டா போட்டு ஓட்டும் பிள்ளைக்கு அனுப்பி 'பக்கம் 63ஐப் பார்' என்று சொல்வது உதவி அல்ல. 63ஆம் பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

பூட்டனுடைய வெண்பா

யாழ்ப்பாணத்துக்கு வெளியே கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. நமக்கு அது செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் கையில் தரும் சிறு புத்தகம். வம்சாவளி, தேவாரம், திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். இலக்கியம் என்று யாரும் இவற்றை அலுமாரியில் வைப்பதில்லை. ஆனால் ஊர்க்குடும்பங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இதைப்போல் பயன்படும் உசாத்துணை நூல் வேறில்லை. யார் யாருடைய மகள், எந்தக் குறிச்சி, யார் எந்தத் தேசத்தில் இருந்தார்கள், எல்லாம் இதற்குள் இருக்கும். உங்கள் நூலகத்தில் கல்வெட்டுகளுக்கென்று ஒரு பெட்டி இல்லாவிட்டால் இன்றைக்கே வையுங்கள்.

ரொறன்ரோப் பெண் அனுப்பிய வெண்பா பிரமோதூத வருடம் ஆனி மாதம், பட்சம், திதி என்று சொன்னது. ஆண்டு கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பதில் எழுதப் போனேன். கை நின்றது. அறுபது ஆண்டுச் சுற்றில் பிரமோதூத 1930இலும் வரும், 1990இலும் வரும்.

"உங்கட பூட்டனை அம்மம்மா கண்டிருக்கிறாவோ?" என்று கேட்டேன். "கண்டவ, ஆனா அவவுக்கு இப்ப ஒண்டும் ஞாபகம் நிக்கிறேல்ல" என்று வந்தது. அப்படியானால் கல்வெட்டுத்தான் பேச வேண்டும். புத்தகத்தில் வேறு பக்கங்கள் இருந்தால், குறிப்பாகப் பேரர் புலம்பலும் பின்னட்டையும் இருந்தால் அனுப்பச் சொன்னேன். பின்னட்டை இல்லை. பேரர் புலம்பல் வந்தது. அதில் ஒரு பேரன் ஜேர்மன் தேசத்தில் நின்று, பாடையைத் தூக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுகிறான். 1930இல் கீரிமலைப் பேரன் ஜேர்மனியில் நின்றிருக்க மாட்டான் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. அதற்கு மேல், வெண்பா இருந்த தாளின் அடியில் ஆண்டுத் திவச நினைவாக என்றிருந்தது. 1990 ஆனி. ஊர் எழும்பின மாதம். முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்க ஏலாமல் ஆண்டுத் திவசத்துக்கு அடித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதினேன்.

பதில் இப்படிப் போனது:

"வணக்கம். நீங்கள் கேட்டது: பூட்டன் காலமான ஆண்டு. பதில்: 1990 ஆனி (ஜூன் 15க்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில்). எப்படி அறிந்தோம்: திதி வெண்பாவில் பிரமோதூத ஆண்டு, அது 1930 அல்லது 1990. பேரர் புலம்பலில் ஜேர்மனி குறிப்பிடப்படுவதால் 1990. உறுதியாகச் சொல்ல முடியாதது: ஆங்கிலத் திகதி. அதற்கு அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் வேண்டும், தேடுகிறோம். மேலும் வேண்டுமென்றால் எழுதுங்கள்."

எல்லாப் பதிலையும் இந்த வரிசையிலேயே எழுதிப் பழகுங்கள். கேட்டது, பதில், எங்கிருந்து, எது தெரியாது. கேள்வியைத் திரும்ப எழுதுவது வீண்வேலை போலத் தோன்றும். நாம் பிழையாக விளங்கியிருந்தால் அந்த வரியில்தான் வாசகர் பிடிப்பார்.

பஞ்சாங்கம் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. இந்த ஆண்டு திவசம் எந்த நாள் என்று கேட்டார். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி நிற்கும். எது சரி என்று தீர்ப்பளிப்பது நூலகரின் வேலையா? இரண்டு நாளையும் எழுதி, எது எந்தப் பஞ்சாங்கத்தின்படி என்று குறித்து, "உங்கள் வீட்டில் வழக்கமாக எதைப் பார்ப்பது என்று அம்மம்மாவிடமோ குருக்களிடமோ கேளுங்கள்" என்று முடித்தேன். முன்பு ஒரு குடும்பத்துக்கு வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்லி, அவர்கள் திருக்கணிதக்காரராகப் போய், திவசம் பிந்தின கதை என்னிடம் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

கொப்பி

வட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கிறதே, கொப்பி எதற்கு என்று கேட்பார்கள். போன் பழுதாகும், தொலையும், உரையாடல் அழியும். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். திகதி, எதில் வந்தது, கேள்வி, திருப்பிக் கேட்டது, பதில், எந்த நூல் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் எடுத்தது. பெயரும் இலக்கமும் எழுத வேண்டாம். பையனுடைய கேள்வி அடுத்த ஆண்டு அவன் தம்பியிடமிருந்து வரும், பதில் கொப்பியில் தயாராக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரட்டினால் எந்த நூல் இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்று தெரியும். சபைக்குப் புத்தகக் கொள்வனவுப் பட்டியல் எழுதும்போது அந்தப் பக்கங்களை மேசையில் வைத்துக் கதைக்கலாம். நியூயோர்க் பொது நூலகத்தில் பழைய வாசகர் கேள்விகள் எழுதிய அட்டைப் பெட்டி ஒன்று பல ஆண்டுகள் கழித்து அகப்பட்டபோது, அந்த நகரத்து மனிதர் எதையெல்லாம் அறிய விரும்பினார்கள் என்ற பதிவாகவே அதைக் கொண்டாடினார்கள். நம்முடைய கொப்பியும் ஒருநாள் அப்படி ஆகும், மழைக்கு நனையாமல் இருந்தால்.

இன்னொரு விசயத்துக்கும் கொப்பி வேண்டும். போனில் கேட்பவர் பலரிடம், நாம் தேடும் நூல் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990இல் ஊர்விட்டு ஓடியவர்கள் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மிஞ்சியவை உறுதிப் பெட்டிக்குள்ளும் அல்பத்துக்குள்ளும் செருகப்பட்டு, கடல் கடந்து போயிருக்கின்றன. ஆகவே பதில் அனுப்பி முடிந்த பின், ஒரேயொரு முறை, வற்புறுத்தாமல் கேளுங்கள்: உங்களிடம் இருப்பதை நூலகத்துக்காகப் படம் எடுத்துத் தர முடியுமா? எப்படி எடுப்பது என்று மேலே சொன்ன யன்னல் வெளிச்ச விசயத்தையும் எழுதி அனுப்புங்கள்.

ரொறன்ரோப் பெண் ஆறு கிழமை கழித்து அனுப்பினார். பதினாறு பக்கக் கல்வெட்டு, வெளிச்சம் நன்றாக விழுந்து, பக்க எண்கள் தெரிய, ஒவ்வொன்றும் ஆவணமாக. அச்செடுத்து, தைத்து, பெட்டியில் வைத்தோம். பதிவேட்டில் உதவியாளர் எழுதியிருக்கிறார்: "கீரிமலை. 1991. பிரதி. பின்னட்டையும் 7, 8ஆம் பக்கங்களும் இல்லை. மருமக்கள் புலம்பல் அதற்குள் இருந்திருக்க வேண்டும். லண்டனில் ஒரு மருமகளிடம் இருக்கலாம் என்று சொன்னார்கள், கேட்டிருக்கிறது."